எத்தனை தூரம்?

நம் கிராமத்து ஜனங்கள் தூரத்தை மைலில் சொல்லுவது அபூர்வம். "கூப்பிடு தூரந்தான்" என்பார்கள்; "வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் போய்விடலாம்" என்பார்கள். பட்டணத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் ஆகாயத்தில் பறக்கிறவர்களும் கடைசியில் இந்தக் கணக்குக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல என்று ஓர் ஏரி இருக்கிறது. அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த் நகரம் சுமார் 5,650 கிலோ மீட்டர். இடையில் இந்து மகாசமுத்திரம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த ஆகாய மார்க்கம் அறுந்துபோயிற்று. அதை ஒட்டுப்போடுவதற்காக 1943-ல் குவாண்டாஸ் கம்பெனியார் கட்டலீனா என்ற கடல் விமானங்களை இந்த வழியில் விட்டார்கள். எங்கும் இறங்காமல் பறக்க வேண்டும். அவ்வளவு தூரத்துக்குப் பெட்ரோலை நிரப்பிவிட்டால் மனிதர்களுக்கு எங்கே இடம்? மூன்று பேர், கொஞ்சம் தபால், அவ்வளவுதான். எதிரி விமானங்களுக்குப் பயந்து ரேடியோவை மூடி வைத்துவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். போய்ச் சேர 27 மணி முதல் 33 மணி நேரம் வரை ஆகும். எல்லாம் காற்றின் தயவு! ஒரே பிரயாணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்களுக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்தார்களாம். கொடுக்க வேண்டியதுதான்.

அதே பெர்த்திலிருந்து 2018 மார்ச்சில் லண்டனுக்கு நேர் விமானம் ஏற்பட்டது. ஏறக்குறைய 14,500 கிலோ மீட்டர். 17 மணி நேரம். தூரம் இரண்டரை மடங்கு, நேரமோ பாதிக்குச் சற்று மேல். உலகம் சுருங்கிவிட்டது என்று நாமெல்லோரும் மார்தட்டிக்கொள்கிறோமே, இதை வைத்துத்தான்.

என் மூத்த சகோதரியின் ஒரே பிள்ளை பெர்த்தில் உத்தியோகம் பார்க்கிறான். அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு வருஷமாக இருதயக் கோளாறு. சென்ற மாதம் போயிருந்தபோது, "பெர்த் எத்தனை தூரம், தம்பி?" என்று கேட்டாள்.

"நேர்கோடாய்ப் போனால் 6,300 கிலோ மீட்டர் இருக்கும், அக்கா."

"அதைக் கேட்கவில்லை. இங்கிருந்து தகவல் போனால் அவன் எப்போது வந்து சேருவான்?"

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்து மணி, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நாலு மணி. அங்கே காத்திருப்பது எத்தனை மணியோ! அதற்கு முன் லீவு கிடைக்க வேண்டும். டிக்கெட் கிடைக்க வேண்டும். சென்னையிலிருந்து கிராமத்துக்கு மோட்டாரில் ஆறு மணி. இதிலே ஒரு மணி நேரத்தைக் கூட என்னால் குறைக்க முடியவில்லை.

"மறுநாள் விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவான்" என்றேன்.

அக்கா சற்று யோசித்தாள். "அப்படியானால் ஐஸ் பெட்டிக்குச் சொல்ல மறந்துவிடாதே" என்று சொல்லிவிட்டு, காபி ஆறுகிறதென்று உள்ளே போனாள்.