புள்ளிக்கணக்கில் வராத பயம்

எலிசபெத் மூனின் பாக்ஸ்னேரியன் கதையை, மூன்று பாகங்களும் ஒன்றாகக் கட்டிய தடித்த புத்தகமாக, முதுகலை மாணவி ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தாள். வாளும் மந்திரமும் நமக்கெதற்கு என்று இரண்டு மாதம் மேசையிலேயே கிடந்தது.

1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் பாலடின் என்றொரு பாத்திரம் உண்டு. அறத்துக்கு வாக்குக் கொடுத்த போர்வீரர். ஆடுகிறவர்கள் அந்தப் பாத்திரத்தை அசட்டுத்தனமாக ஆடுகிறார்களே என்ற எரிச்சலில் மூன் எழுதத் தொடங்கிய கதை இது. அவர் 1968இல் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தவர். அதனால்தான் 1988இல் வந்த முதல் பாகத்தில் சாகசத்தைவிடப் பயிற்சியும் மண்வெட்டியும் அதிகம்.

ஆடு மேய்க்கும் வீட்டுப் பெண் பாக்ஸ், அப்பா பேசி முடித்த கல்யாணத்துக்குத் தப்பி ஓடிக் கூலிப்படையில் சேர்கிறாள். மேலதிகாரி ஒருவன் அவளிடம் அத்துமீறுகிறான். திருப்பி அடிக்கிறாள். சங்கிலியில் கட்டிச் சிறையில் போடுவது அவளைத்தான். விசாரணையெல்லாம் அதற்குப் பிறகு. அந்தப் பக்கத்தில் பென்சில் கோடு இருந்தது.

அந்த ஆட்டத்தில் காயம் என்பது வெறும் கழித்தல். உயிர்ப்புள்ளி ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் பாத்திரம் முழு வலுவோடு வாள் வீசும். மூன் அதை ஒப்பவில்லை. இரண்டாம் பாகத்தில் பாக்ஸ் பிடிபட்டு, மீண்டு, அந்தச் சிகிச்சையிலேயே துணிவை இழக்கிறாள். வாளைத் தொட முடியவில்லை. கிடைத்த வேலையைச் செய்துகொண்டு ஊர் ஊராகத் திரிகிறாள்.

புறநானூறு நடத்தும்போது புண் மார்பிலா முதுகிலா என்று பேசியிருக்கிறேன். புண் ஆறிய பிறகும் பயந்துகொண்டே இருப்பவரைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு புகாரில் கையெழுத்திட்டேன். தீர்ப்பு என் பக்கம்தான். பயம் அதன் பிறகுதான் வந்தது. வராந்தாவில் ஷூ சத்தம் கேட்டால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவேன். “அதான் ஜெயிச்சுட்டியே,” என்பார்கள் தோழிகள்.

மூன்றாம் பாகத்தில் பாக்ஸ் பயத்தோடுதான் எழுகிறாள். ஆனால் பிறகு ஐந்து நாள் சித்திரவதைக்குத் தானே தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். அதுவே அவளுடைய புனிதத்துக்குச் சான்றாகிறது. இதில் எனக்கு மூனோடு சண்டை. பெண்ணின் மேன்மையைக் காட்ட எத்தனை முறைதான் அவள் உடம்பைக் கேட்பார்கள்?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, பென்சில் கோட்டைப் பார்த்தேன் என்றேன்.

“தெரியும் மேம்,” என்றாள். “அதுக்குத்தான் கொடுத்தேன்.”