ஒட்டுக் கள்ளி

ஈப்போ சந்தையில் நாம் ஆசையோடு வாங்கிய சிவப்புக் கள்ளி சென்ற வருஷத்து மழையில் அழுகத் தொடங்கிற்று. பூவோ என மயங்கச் செய்யும் அச்சிவந்த தலைக்குப் பச்சையம் கிடையாது. ஆதலால் தன் ஆகாரத்தைத் தானே தேடும் யோக்கியதையும் இல்லை. 1941-ல் ஜப்பானில் தோன்றிய இவ்வினம், வேறொரு பச்சைக் கள்ளியின்மேல் ஒட்டினாலன்றி உயிர் தரிக்காது. அழுகியது தலையன்று, கீழே தாங்கிய தண்டேயாகும். அதை எவரும் மெச்சியதில்லை, நாம் உட்பட.

தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் லயத்தைவிட்டு வந்த நமது தாயார், பெயின்ட் டின்னில் ஒரு சப்பாத்திக் கள்ளியையும் எடுத்து வந்திருந்தார். பொட்டற்காட்டுச் செடி பட்டணத்து வீட்டிற்கு எதற்கு என்று நாம் கடிந்ததுண்டு. (1877-ல் கோலகங்சாரில் நட்ட ரப்பரும் இக்கள்ளியைப்போல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், நாம் மரியாதை செய்தது ஒன்றுக்கே.)

நாம் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் கத்தியைச் சுடுநீரில் கழுவினார். ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டிய கையல்லவா! சப்பாத்தி மடலின் நுனியையும் சிவப்புத் தலையின் அடியையும் மட்டமாகச் சீவி, உள்ளே தெரியும் நரம்பு வளையங்கள் ஒரு பக்கமாவது தொடும்படி சற்றே ஒதுக்கி வைத்து, இரண்டு ரப்பர் பேண்டுகளால் இறுக்கினார்.

“தம்பி, தண்ணி காட்டாதே. நெழல்ல வை.”

தலை பிழைத்துப் பருத்தது.

சென்ற மாதம் வீட்டிற்கு வந்த மேலதிகாரி, ஒட்டியவர் யாரென ஆங்கிலத்தில் வினவினார். நாமே ஒட்டியதாகச் சொல்லிவிட்டோம். தேநீர்த் தட்டுடன் நின்ற தாயாருக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும்.