அடுப்பூதவும் ஒரு படிப்பு

“அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?” என்றொரு பழமொழி நம்மிடையே வழங்கி வந்தது. பெண்கள் கற்றுப் பட்டம் பெறும் இக்காலத்தில் அதனை எடுத்துச் சொல்வார் அரியர். ஆயினும், அடுப்பை ஊதுவதற்கே ஒரு படிப்பு வேண்டும் என்பதை என் தாயாரின் இருமல் எனக்குக் கற்பித்தது.

புளியங்குளத்தில் எங்கள் குசினி மண்சுவரும் தாழ்ந்த ஓலைக்கூரையும் உடையது. பாலை விறகும் வீரை விறகும் எரியும் அடுப்பின் முன்னே அம்மா ஐம்பது ஆண்டுகள் அமர்ந்திருக்கிறார். 1997இல் யுத்தம் எங்கள் ஊரை எட்டியபோது இடம்பெயர்ந்தோம். கொட்டில்கள் மாறின, மூன்று கல் அடுப்பு மாறவில்லை. மீளக் குடியமர்ந்த பின்னரும் அதுவே தொடர்ந்தது. மார்கழிப் பனியில் பேரப்பிள்ளைகள் குளிர்காய்வதும் அவ்வடுப்படியிலேதான்.

இருமல் நெடுநாள் நீடிக்கவே, அம்மாவை வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். “வீட்டில் எவரேனும் புகைபிடிப்பதுண்டா?” என்று அவர் வினவினார். “இல்லை ஐயா, அடுப்பு மட்டுந்தான்” என்றார் அம்மா. வைத்தியர் சிரிக்கவில்லை. “அதுவே போதும், அம்மா” என்றார்.

புகை என்பது யாது? முற்றாக எரியாத விறகே புகை. ஈரவிறகின் வெப்பம் அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகிறது. காற்றும் போதாவிடின் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவும் நுண்துகள்களும் எழுகின்றன. அவ்வாயு குருதியில் ஒட்சிசனின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. துகள்களோ நுரையீரலின் ஆழம் வரை செல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 2020ஆம் ஆண்டில் வீட்டுப் புகையால் மாண்டோர் ஏறத்தாழ 32 இலட்சம் பேர். அவர்களுள் 237,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். குளிர்காயும் எங்கள் வீட்டுச் சிறுவர்களை எண்ணி என் நெஞ்சு நடுங்கிற்று.

எரிவாயு அடுப்பு இருக்கிறதே என்பீர்கள். வசதியுள்ளோர் அதனைக் கொள்வதே மேல். ஆனால், 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் கொழும்பில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோகிராம் சிலிண்டர், 2022 ஏப்ரல் முடிவில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றனர். நகரத்தாரும் விறகு தேடினர். எனவே, விறகடுப்பைத் திருத்துவதே எங்களுக்கு இயன்ற வழியாயிற்று.

நம் நாட்டிலேயே உருவான ‘அனகி’ அடுப்பை வாங்கினோம். சிங்களத்தில் அச்சொல்லுக்கு விலைமதிப்பற்றது என்பது பொருள். களிமண்ணால் வனைந்த இரட்டை அடுப்பு அது. ஒரே வாயிலில் இட்ட விறகு இரு பானைகளுக்கும் உதவும். முதற்பானையைக் கடந்த வெப்பம் இரண்டாவதைச் சென்றடையும். மூன்று கல் அடுப்பை நோக்க, விறகில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிஞ்சும்.

அம்மா முதலில் இணங்கவில்லை. “புகை படாத கூரையைக் கறையான் அரிக்குமே! விதைச் சோளத்தை எங்கே கட்டித் தூக்குவது?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. விதையை நன்கு காயவைத்துச் சாம்பலுடன் பானையில் இட்டு மூடினோம். கூரையை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது தம்பியின் பொறுப்பாயிற்று.

நல்ல அடுப்பும் புகையை முற்றாக ஒழிக்காது. ஆதலால் கூரையடியில் சுவரைத் திறந்து, புகைக்கூடும் அமைத்தோம். விறகைச் சிறிதாகப் பிளந்து, ஆடி ஆவணி வெயிலில் உலர்த்தி, ஐப்பசி மழைக்கு முன் அடுக்கி வைக்கிறோம். பயறு கடலையை முதல்நாளே ஊறவைக்கிறோம். பானையை மூடியே சமைக்கிறோம். பொலித்தீனால் அடுப்பு மூட்டுவதில்லை. பிள்ளைகளுக்குக் குளிர்காய முற்றத்து வெயிலும் தடித்த போர்வையும் உண்டு. தணற்சட்டியை மூடிய அறைக்குள் வைத்து உறங்குவது உயிருக்கே கேடு. காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

அம்மாவின் இருமல் முற்றாக நீங்கிவிடவில்லை. ஐம்பது ஆண்டுப் புகை ஒரு பருவத்தில் அகலுமோ? ஆயினும் இப்போது இரவில் அயர்ந்து உறங்குகிறார். சமைக்கும் கைகளை வாழ்த்தி உண்பது நம் வழக்கம். அக்கைகளுக்குரியவர் மூச்சுத் திணறாதபடி அடுப்பமைத்துக் கொடுப்பதும் உண்போர் யாவரின் கடமையன்றோ?