தண்ணீர் திரும்பும் இடம்

நுவரெலியா மலையோடைகளில் வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனுக்கும், எங்கள் களியோடை ஆற்றுக் கொடுவாவுக்கும் ஒரே குணம். ஓட்டத்தோடு மல்லுக்கட்டாது, அது தணியும் இடத்தில் ஒதுங்கி நிற்கும்.

நாற்பதைத் தாண்டித்தான் தங்கூசி பிடிக்கப் பழகினேன். பழக்கியவர் பாலத்தடியில் வலை பொத்தும் ஒரு காக்கா. "மிதப்பப் பார்க்காதீங்க சேர், தண்ணியப் பாருங்க" என்பார். பாலத்தூணின் பின்புறம், கண்டல் வேரடி, கரை வளைந்து மண் அரிபட்ட பள்ளம். ஓட்டம் இழுத்துவரும் இறாலுக்குக் கொடுவா அங்கேதான் காத்து நிற்கும். (பெருங்கொடுவாவில் அநேகம் பெட்டை. ஆணாக வளர்ந்து பிறகு பெட்டையாகும் மீன் அது. வகுப்பில் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள்.)

அந்தப் பள்ளங்களில் காக்கா சிறுவர்களை இறங்க விடமாட்டார். மேலே அசையாமல் தெரியும் தண்ணீர் அடியில் இழுக்கும்.

2024 நவம்பர் 26இல், காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில், வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம் மத்ரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரத்தைப் புரட்டிப் பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு என் மாணவர்களையும் பாலத்தடிக்குக் கூட்டிப் போகிறேன். தூண்டில் கிடையாது. ஓர் ஓலைத்துண்டை எறிந்து, எங்கே வேகமெடுக்கிறது, எங்கே சுழல்கிறது என்று கரையில் நின்று சொல்லச் சொல்கிறேன். பிழையாகச் சொன்னால் காக்கா இன்னோர் ஓலையைக் கிழித்துக் கொடுப்பார்.