டர்போவை ஓரமாக வைக்கச் சொன்ன அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

இந்த மடலை நேரில் கொடுத்திருந்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு வரி படித்திருப்பீர்கள். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "சரிங்க கண்ணு, டீ சாப்பிடலாம்" என்று பேச்சை மாற்றியிருப்பீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். போடவில்லை. கோவை கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் கான்டெஸா ஓடுகிறது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், சித்திரை வெயிலில், டர்போ முழு அழுத்தத்தில் ஊதியும் தண்ணீர் கொதிக்கவில்லை, எண்ணெய் குறையவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கானில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை. சுற்றி நின்றவர்கள் டர்போவைப் பாராட்டினார்கள். சிலர் கம்ப்யூட்டர் ட்யூனிங்கைப் பாராட்டினார்கள். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) என்ன அளவு, யார் ஹோனிங் (உள்சுவர் தீட்டல்) செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த மடல்.

இளையவர்களுக்காகக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கான்டெஸா, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்த கார். உடம்பு பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் வம்சம். முதலில் வைத்த எஞ்சின் அம்பாசடரின் 1.5 லிட்டர். அவ்வளவு பெரிய உடம்பை இழுக்க அது திணறியது. பிறகு வந்த கான்டெஸா கிளாசிக்கில் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்: 1817 சி.சி., 84 மி.மீ. போர், 82 மி.மீ. ஸ்ட்ரோக், 88 குதிரைத்திறன். 2002-ல் தயாரிப்பு நின்றது.

எதுவும் மாறாத அசல் வண்டியாக இருந்தால் நான் கைவைத்திருக்க மாட்டேன். அப்படிப்பட்டவை அப்படியே காக்கப்பட வேண்டியவை. எனக்குக் கிடைத்ததில் எஞ்சினே இல்லை. யாரோ டீசல் எஞ்சின் ஏற்றி ஓட்டி, அதையும் கழற்றி விற்றுவிட்டார்கள். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த இசுசு எஞ்சினைத்தான் உங்களிடம் கொண்டுவந்தேன். இதே எஞ்சின் குடும்பத்தில் 88 மி.மீ. போர் கொண்ட 2 லிட்டர் எஞ்சினுக்கு இசுசுவே டர்போ பொருத்தி பியாஸா காரில் விற்றிருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடம் தராது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதி செய்தது. எனவே இது பந்தயப் பாதைக்கு மட்டுமேயான கார். லாரியில் ஏற்றிப் போய் லாரியில் கொண்டுவருகிறேன்.

எஞ்சினோடு டர்போவையும் உங்கள் மேசைமேல் வைத்தேன். நீங்கள் அதைத் தொடவில்லை. "அதை ஓரமா வைங்க கண்ணு. முதல்ல பிளாக்கைப் பாக்கோணும். காத்து உள்ள வந்தா தாங்கோணுமல்ல?" அதன் பிறகு பல மாதங்கள் அந்த டர்போ உங்கள் அலமாரியில் துணி சுற்றியே கிடந்தது. அந்த மாதங்களுக்குத்தான் முதல் நன்றி.

போர் எடுப்பதற்கு முன்னால் 40 மி.மீ. கனத்தில் ஓர் இரும்புத் தகடு வெட்டினீர்கள். அதில் சிலிண்டர் அளவுக்கு நான்கு வட்டம், ஹெட் போல்ட்டுக்கான துளைகள். கேஸ்கெட்டை வைத்து, தகட்டை ஹெட் இருக்க வேண்டிய இடத்தில் பூட்டி, டார்க் ரெஞ்ச்சால் முழு அளவுக்கு முறுக்கிய பிறகே ஹோனிங் செய்தீர்கள். போல்ட்டை இறுக்கும்போது சிலிண்டர் சுவர் மயிரிழை கோணும்; அந்தக் கோணலோடு சேர்த்து ஹோன் பிடித்தால்தான் ஹெட் மாட்டிய பிறகு போர் வட்டமாக இருக்கும் என்று விளக்கினீர்கள். சாதாரண எஞ்சினில் அந்த மயிரிழையை ரிங் சமாளித்துவிடும். டர்போ எஞ்சினில் எரியும் வாயுவின் அழுத்தம் அதன் வழியே புகுந்து எண்ணெயை விரட்டும். தகட்டைப் பூட்டியபோதும் பூட்டாதபோதும் போர் கேஜ் முள் எவ்வளவு நகர்கிறது என்று என்னையே பார்க்கச் சொன்னீர்கள். முள் நகர்ந்ததை நான் பார்த்தேன்.

பிறகு ரிங். புதிய ரிங்கை போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையாலேயே ஒரே மட்டமாக இறக்கி, இரு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்தீர்கள். 14 தௌ. அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினான்கு பங்கு. புத்தகப்படி சரியான அளவு. "இது சாதா வண்டிக்கு" என்று வெளியே எடுத்தீர்கள். டர்போ சூட்டில் ரிங் கூடுதலாக நீளும். முனையும் முனையும் முட்டிக்கொண்டால் விரிய இடமின்றிப் போரைக் கவ்வும், பிஸ்டனின் ரிங் பள்ளத்தையே உடைத்துவிடும். சின்ன வைரப்பூச்சு அரம், ஒரு முனையில் மட்டும், எப்போதும் வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி. இரண்டு இழுப்பு, துடைத்து மீண்டும் போருக்குள், மீண்டும் கேஜ். 18 தௌ வரும்வரை. கடைசியில் பிசிறை எண்ணெய்க் கல்லில் நீவிவிட்டீர்கள். எட்டு கம்ப்ரெஷன் ரிங்குக்கும் இதே பொறுமை. ரேடியோவில் என்ன பாட்டு ஓடினாலும் அந்த வேலையின்போது மட்டும் நீங்கள் முணுமுணுப்பதில்லை.

கம்ப்ரெஷன் ரேஷியோவைக் குறைக்கும் விஷயத்திலும் அவசரப்பட விடவில்லை. இருக்கும் பிஸ்டனின் தலையைக் கடைந்து மெலிதாக்கலாம் என்று ஊரில் பலர் சொல்வார்கள். சூடும் அழுத்தமும் கூடும் இடத்தில் உலோகத்தைக் குறைப்பதா என்று நீங்கள் மறுத்ததால், தலையில் குழி வைத்த ஃபோர்ஜ்ட் பிஸ்டன் வரும்வரை காத்திருந்தோம். தீப்பொறி மூட்டிய தீ வந்து சேருமுன் அழுத்திய கலவை வேறு மூலையில் தானே வெடித்தால், அதுதான் நாக்கிங். டர்போ எஞ்சின்களை அதிகம் கொன்றது அதுதான். உலகின் முதல் டர்போ பயணிகள் கார்களில் ஒன்றான ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் 1962-ல் வந்தது, கம்ப்ரெஷன் 10.25:1. நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டாங்கில் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கியவர்கள் நிரப்ப மறந்தார்கள். பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு கார்புரேட்டர் மாட்டினார்கள். நம்முடையதை 8.5-ல் நிறுத்தினோம்.

டர்போவின் அளவைப் பற்றி நாம் பேசியதும் நினைவிருக்கிறது. பெரியதாக மாட்டினால் குதிரைத்திறன் எண் பெரிதாக வரும். ஆனால் அது விழித்துக்கொள்வதற்குள் வளைவு முடிந்துவிடும். சுவீடனில் சாப் நிறுவனத்தின் பெர் கில்பிராண்ட் இதைத்தான் மாற்றினார். சிறிய டர்போவை வைத்து, மிஞ்சும் வாயுவை வேஸ்ட்கேட் வழியே திருப்பிவிட்டு, தினசரி ஓட்டத்துக்குப் பயன்படும் இழுவையைத் தாழ்ந்த சுற்றிலேயே கொண்டுவந்தார். 1978-ல் விற்பனைக்கு வந்த சாப் 99 டர்போ 1985 சி.சி. எஞ்சினில் 145 குதிரைத்திறன் தந்தது. அந்த வழியில்தான் நாமும் போனோம்: 0.5 பார், அதற்குமேல் இல்லை. அதிலேயே 88 என்பது 130-ஐத் தொடுகிறது. கோவை வெயிலில் 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று அந்த அரை பார் அழுத்தத்துக்கே 90 டிகிரி அளவுக்குச் சூடாகிவிடும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை முன்பக்கம் பெரிதாக வைக்க கிரில்லின் பின்சட்டத்தை வெட்டியதில் எனக்கு வருத்தமில்லை.

மேனிஃபோல்டை ஆர்கான் வெல்டிங் செய்த தம்பிக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு. பழைய ஹெட் ஒன்றில் ஃப்ளேஞ்சை இறுக்கிப் பூட்டிவைத்தே அவர் வெல்ட் செய்ததும், முழுதாக ஆறும்வரை கழற்றவிடாமல் நீங்கள் காவல் நின்றதும், பிறகு முகத்தை மில்லிங்கில் ஒரு தடவல் கொடுத்ததும் சேர்ந்துதான் இன்றுவரை அங்கே ஒரு புகைக்கசிவு இல்லை. டர்போவிலிருந்து திரும்பும் எண்ணெய்க் குழாயை அகலமாகவும் நேராகக் கீழே இறங்கும்படியும் வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. திரும்பி வழிய இடமில்லையென்றால் அந்த எண்ணெய் சீலைத் தாண்டிப் புகையாகத்தான் வெளியே வரும்.

ட்ரிக்கர் வீலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டருக்கு கிராங்க் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். 60 பல்லுக்கு இடம்விட்டு இரண்டு பல்லைக் காலியாக வைக்கும் சக்கரம் வேண்டும் என்று தாளில் வரைந்து காட்டினேன். நீங்கள் கம்ப்யூட்டரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. டிவைடிங் ஹெட்டை மேசையில் ஏற்றினீர்கள். அதன் கைப்பிடி 40 சுற்றுச் சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று. எனவே 60 பல்லுக்கு ஒவ்வொரு பல்லுக்கும் மூன்றில் இரண்டு சுற்று. 18 துளை வட்டத்தில் 12 துளை தள்ளிக் குத்தி, கட்டர் விட்டு, மீண்டும் 12. என் லேப்டாப் திரையில் கிராங்க் சிக்னல் முதன்முறை ஒரு பிசிறு இல்லாமல் சீராக வந்தபோது, நான் பார்த்தது உங்கள் பட்டறையின் பழைய டிவைடிங் ஹெட்டின் வேலையைத்தான்.

செட்டிப்பாளையம் பாதைக்குப் பெயர் தந்த எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்களைக் கோவையிலேயே கட்டினார். இந்த ஊரில் அது நடந்ததற்குக் காரணங்களில் ஒன்று, மோட்டார் பம்ப் வார்த்துக் கடைந்து பழகிய கைகள் தெருவுக்குத் தெரு இருந்தது. இன்று உங்கள் தெருவிலேயே போரிங் மெஷின்கள் ஒவ்வொன்றாக விற்கப்படுகின்றன. புதிய கார்களின் எஞ்சினை யாரும் ரீபோர் செய்வதில்லை, மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். எங்களைப் போலப் பழைய காரைக் கட்டுகிறவர்கள்கூட, டர்போவுக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஹோனிங் கூலிக்குப் பேரம் பேசுகிறார்கள். அது நியாயமில்லை என்று இதைப் படிக்கும் அவர்களிடமே சொல்கிறேன். டர்போ பெட்டியில் வந்துவிடும். 84.5 மி.மீ. போர் மேலும் கீழும் ஒரே அளவில் அப்படி வராது.

அண்ணா, ஒரு வேண்டுகோள். நண்பர் ஒருவரின் எஞ்சின் பிளாக் அடுத்த வாரம் உங்களிடம் வருகிறது. கூடவே பாலிடெக்னிக் படிக்கும் இரண்டு பிள்ளைகளை அனுப்புகிறேன். வேலைக்கு இடைஞ்சல் செய்ய மாட்டார்கள். ரிங் அரம் பிடிக்கும் நேரத்தில் மட்டும் அவர்களைப் பக்கத்தில் நிற்க விடுங்கள். அந்த 40 மி.மீ. தகடு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, துருப் பிடிக்காமல் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன். இந்த முறை கூலியை நீங்கள் சொல்லுங்கள், நண்பரிடம் நானே பேசிக்கொள்கிறேன். "இருக்கிறதைக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கான்டெஸாக்காரன்