ஈயத்துக்கே ஒரு பூச்சு

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்த காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். புளி பித்தளையில் பட்டால் களிம்பு ஏறும். அதனால் நடுவில் ஒரு பூச்சு. அது வெள்ளீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். துப்பாக்கிக் குண்டு வார்ப்பது காரீயத்தில். பெயரில் ஒற்றுமை, குணத்தில் வேற்றுமை. காரீயம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. இப்போது அந்தக் காரீயத்துக்கே பூச்சு பூசுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

ஓசூர் சிப்காட் பக்கம் போனால் சந்துக்குச் சந்து 'பவுடர் கோட்டிங்' என்று பலகை தொங்கும். வண்டிப் பாகம், ஜன்னல் கிரில், பீரோ எல்லாம் அங்கே வரும். இரும்பைக் கழுவி உலர்த்தித் தொங்கவிடுகிறார்கள். மாவு போன்ற பொடிக்கு மின்னேற்றம் கொடுத்துத் தெளித்தால், எர்த் செய்த இரும்பு அதை இழுத்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் வைத்தால் பொடி உருகித் தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும். தின்னர் வாடையே இல்லை. தெளிக்கிற கருவிக்குப் பட்டறையில் 'கன்' என்றுதான் பெயர்!

அமெரிக்காவில் குறி பார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் இதே பொடியைக் கையில் எடுத்துவிட்டார்கள். சுட்டு முடித்த காலித் தோட்டாவில் மறுபடி மருந்தும் குண்டும் அடைத்துக்கொள்வது அங்கே வழக்கம். சிலர் குண்டையும் வீட்டிலேயே வார்க்கிறார்கள். காரீயம் மென்மையானது. ரைஃபிள் குழலின் வரிகளில் வேகமாக உரசும்போது கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே அப்பிக்கொள்ளும், குறி தப்பும். முன்பெல்லாம் மெழுகும் கொழுப்பும் தடவினார்கள். இப்போது பவுடர் கோட்டிங். காரீயம் உருக 327 டிகிரி வேண்டும், பொடிக்கு 200 போதும். ஆகவே குண்டின் வடிவம் கெடுவதில்லை.

குண்டுக்குப் பூச்சு என்பது நமக்குப் புதிதல்ல. 1857 நினைவிருக்கிறதா? என்ஃபீல்டு ரைஃபிளின் காகிதத் தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது, அதைப் பல்லால் கடிக்க வேண்டும் என்ற பேச்சு பரவியதே. அந்தக் கொழுப்பும் இதே வேலைக்குத்தான்: காரீயம் குழலில் இடறாமல் வழுக்கிக்கொண்டு போக. ஒரு பூச்சு ஒரு ராஜ்யத்தையே ஆட்டிப் பார்த்தது.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முன் தருமபுரி கலெக்டர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமக் கோப்புகள் சில காலம் என் மேசையில் இருந்தன. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், பயிரைக் காக்க வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் உண்டு. தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டோர விவசாயிகள் அதற்குத்தான் வருவார்கள். ஒரு ராத்திரியில் பன்றிக் கூட்டம் நிலக்கடலைக் கொல்லையை உழுதுவிட்டுப் போகும். அந்த வயிற்றெரிச்சலை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அளக்க முடியாது.

உரிமம் புதுப்பிக்க வந்த ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"குண்டுக்கு எங்கே போவீங்க பெரியவரே?"

"லாரி பேட்டரியை உடைச்சா காரீயம் வருதுங்க சார். வூட்டு அடுப்புலயே உருக்கி ஊத்திக்குவோம்."

"களி கிண்டுற அடுப்பா?"

"வேற அடுப்பு ஏதுங்க?"

தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும் என்பது சட்டம். அதைச் சொன்னேன். ஆனால் எனக்கு உறுத்தியது சட்டமல்ல, அந்த அடுப்பு. பக்கத்தில் அவருடைய பேரன் நின்றிருந்தான். நான்கு வயது இருக்கும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். காரீயத்துக்கு பிரெஞ்சில் 'ப்ளோம்' என்பார்கள். காரீய நஞ்சு ஏறுகிற நோய்க்கு 'சத்தூர்னிஸ்ம்'. சத்தூர்ன் என்றால் சனி! பழைய ரசவாதிகள் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு கிரகத்தை ஒதுக்கியபோது காரீயம் சனியின் பங்குக்கு வந்தது. நமக்கும் சனி மந்தன், மெதுவாக நடப்பவன். இந்த நஞ்சும் அப்படித்தான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. எலும்பில் போய்த் தங்கும். ரத்தம் சோகை பிடிக்கும். குழந்தையின் மூளை மந்தமாகும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெட்ரோலிலிருந்து 2000-இல் காரீயத்தை எடுத்தார்கள். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2016-இல் விதி வந்தது.

பவுடர் கோட்டிங் செய்த குண்டைத் தொட்டால் காரீயம் கையில் அவ்வளவாக ஒட்டாது என்கிறார்கள். சரிதான். ஆனால் பூச்சு வருவது வார்த்து முடித்த பிறகு. உருக்கும்போது எழுகிற புகைக்கும், மேலே மிதக்கிற கசடுக்கும், தரையில் படிகிற தூசிக்கும் எந்தப் பூச்சும் கிடையாது. பூச்சு குழலைக் காப்பாற்றும். அடுப்பங்கரையைக் காப்பாற்றாது.

அன்று அந்தப் பெரியவரிடம் சனி கதையைத்தான் சொன்னேன். மருத்துவக் காரணங்களுக்கு ஆடாத முகம் அதற்கு ஆடியது. "அப்படின்னா வூட்டுல வேண்டாங்க" என்று பேரன் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

இன்று வாய்வழித் துப்பாக்கி அருகிவிட்டது. பழைய பேட்டரி பெருகிவிட்டது. இன்வெர்ட்டர் இல்லாத வீடு ஏது? காயலான் கடைக்காரர் கொஞ்சம் கூடக் கொடுக்கிறார் என்று அதைப் போட்டுவிடாதீர்கள். ஏதோ ஒரு கொல்லைப்புறத்தில் அது உருகும். புதிய பேட்டரி வாங்குகிற கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். சனியை வழியனுப்ப அதுதான் நல்ல வழி.