குன்னூர் மார்க்கெட்டின் சாய்ந்த எழுத்துகள்

எண்பதுகளின் குன்னூர் என்றால் எனக்கு மார்க்கெட் சரிவில் வரிசையாகத் தொங்கிய போர்டுகள்தான். வர்க்கி பேக்கரி, தைலக்கடை, கம்பளிக்கடை, டீத்தூள் கடை எல்லாவற்றிலும் அதே எழுத்து: தடிப்பாக, வலப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு கோடும் நடுவில் ஒடுங்கி முனையில் விரிந்திருக்கும். புத்தக ஆங்கிலத்தில் எழுத்தின் காலடியில் குறுக்காக ஒரு சிறு கட்டை நிற்குமே, அது இதில் கிடையாது. கோடே அகன்று முடிந்துவிடும்.

எழுதுகிறவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டி மேலும் கீழும் கோடு போடுவார். தட்டை பிரஷை எனாமலில் தோய்த்து, டப்பா விளிம்பில் வழித்து, இடக்கையில் பிடித்த கோலின்மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொள்வார். தொடக்கத்தில் ஓர் அழுத்து. நடுவில் கை லேசாகும். முடிவில் மறுபடி அழுத்தி, விரலிடுக்கில் பிரஷைச் சற்றே உருட்டி எடுப்பார். அந்த உருட்டலில்தான் முனை விரியும். பிறகு சிவப்பு எழுத்துக்கு மஞ்சள் நிழல். ஆடிச் சாரலில் பெயிண்ட் காயாது. வெயில் தலைகாட்டும்வரை போர்டைத் தொடமாட்டார்.

தமிழைச் சாய்ப்பது லேசான வேலை இல்லை. சுழிகள் நசுங்கும், 'ஊ' முன்னால் கவிழப் பார்க்கும். அவர் எழுதிய 'ஊட்டி' கவிழ்ந்ததில்லை.

ரோம் நகரத்து ட்ரேஜன் தூணின் கல்லெழுத்துகூட முதலில் தட்டை பிரஷால் எழுதப்பட்டு, அதன்மேல்தான் உளி ஓடியது என்று 1968-இல் ஒரு நூலே எழுதினார் எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார். இளமையில் அவரும் போர்டு எழுதியவர். புளோரன்ஸின் சாந்தா குரோசே தேவாலயத்துக் கல்லறைக் கற்களை 1950-இல் பார்த்துத்தான் எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப், 1958-இல் வெளிவந்த 'ஆப்டிமா' எழுத்துருவை வரைந்தார். அதிலும் கோட்டின் முனை இப்படித்தான் மெல்ல விரியும். குன்னூர்க் கலைஞருக்கு இந்தக் கதை எதுவும் தேவைப்படவில்லை, பிரஷே சொல்லிக்கொடுத்தது.

மலை ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் எழுத்து நிமிர்ந்து நிற்கும். தேயிலைப் பெட்டியில் எஸ்டேட் பெயரும் தரமும் எடையும் தகட்டு ஸ்டென்சிலில் விழும். இரண்டும் ஒழுங்கானவை. ஆனால் போகிறவரைக் கடைக்குள் கூப்பிட்டது சாய்ந்த எழுத்துதான்.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. கணினியில் நேரெழுத்தைப் பிடித்து இழுத்துச் சாய்க்கிறார்கள். வளைவு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, எழுத்தின் உடம்பே கோணிவிடுகிறது. அது சாய்வெழுத்தே ஆகாது.

பழைய போர்டு வைத்திருக்கும் கடைக்காரர்களே, அதன்மேல் ஃப்ளெக்ஸ் அடித்தாலும் சரி, சுரண்டி மட்டும் விடாதீர்கள். தமிழ் எழுத்துரு வரைகிற பிள்ளைகள் மலை ஏறினால், ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்குப் போகுமுன் குன்னூர் மார்க்கெட் சந்துகளில் ஒரு சுற்று வாருங்கள். மிச்சமிருக்கும் போர்டுகளை நேரெதிரே நின்று படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.